மாதிரி விமானம் முதல் நாளே விழுவது ஏன்? இறக்கையின் கோணத்தை அளக்கும் முறை

பல வாரங்கள் உட்கார்ந்து பால்சா பலகையை அறுத்து, ஒட்டி, தேய்த்து உருவாக்கிய மாதிரி விமானம், திடலில் ஏறிய பத்தே விநாடியில் மூக்குக் குத்தி நொறுங்குவது உண்டு. காற்று பலமாக வீசியது, மோட்டார் சரியில்லை என்று காரணம் சொல்வார்கள். பல நேரங்களில் தவறு வீட்டு மேசையிலேயே நடந்திருக்கும். இறக்கை சில மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ பொருத்தப்பட்டிருக்கும்.

பொருத்துக் கோணம் என்றால் என்ன?

இறக்கையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் நேர்க்கோடு நாண்கோடு. விமானத்தின் உடலில் மூக்கிலிருந்து வால் வரை வரைபடத்தில் போடப்பட்டிருப்பது ஆதாரக்கோடு. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள சாய்வே இறக்கையின் பொருத்துக் கோணம். ஆங்கிலத்தில் இதை ‘விங் இன்சிடன்ஸ்’ என்பார்கள்.

புதிதாகப் பழகுபவர்களுக்கான விமானங்களில் வால் இறக்கை 0 பாகையிலும் பெரிய இறக்கை 1 முதல் 3 பாகை வரையிலும் இருப்பது வழக்கம். இந்த வித்தியாசம் இருப்பதால்தான் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும்போது விமானம் தானே நிமிர்கிறது. வித்தியாசம் அதிகமானால், மோட்டாரை முடுக்கியவுடன் மூக்கு செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து விழும். குறைந்தாலோ, கையிலிருந்து விட்டதும் தரையை நோக்கிப் பாயும். தலைகீழாகவும் பறக்க வேண்டிய சாகச விமானங்களில் மட்டும் இரண்டும் பெரும்பாலும் 0 பாகையில் இருக்கும்.

அடிப்பகுதியைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பயிற்சி விமானங்களில் அதிகம் காணப்படுவது, அடிப்பாகம் தட்டையான ‘கிளார்க் ஒய்’ வகை இறக்கை. 1927இல் சார்ல்ஸ் லிண்ட்பர்க் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே கடந்த விமானத்தின் இறக்கையும் இதே வடிவம்தான். இதன் முன்விளிம்பின் நுனி, தட்டையான அடிப்பாகத்தைவிட நாணின் நீளத்தில் 3.5 விழுக்காடு உயரத்தில் இருக்கிறது. ஆகவே அடிப்பாகம் மேசைக்கு மட்டமாக இருந்தாலும் நாண்கோடு ஏற்கெனவே 2 பாகை சாய்ந்தே இருக்கும். இது தெரியாமல் அடிப்பாகத்தையும் 2 பாகை தூக்கி வைத்தால் உண்மையான கோணம் 4 பாகை ஆகிவிடும். வரைபடம் எந்தக் கோட்டைக் குறிப்பிடுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளப்பது எப்படி?

இதற்கென்றே விற்கப்படும் கருவி இல்லாவிட்டாலும் ரூலரும் ரசமட்டமும் போதும்.

1. மேசை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கவும்.

2. விமானத்தை மேசையில் வைத்து, ஆதாரக்கோடு மட்டமாகும் வரை வாலுக்கு அடியில் அட்டைகளை அடுக்கவும். வால் இறக்கை 0 பாகையில் இருக்க வேண்டிய விமானமானால், அதன் முன்விளிம்பும் பின்விளிம்பும் இப்போது ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

3. பெரிய இறக்கையில், உடலை ஒட்டிய இடத்தில், முன்விளிம்பின் நுனி மேசையிலிருந்து எவ்வளவு உயரம், பின்விளிம்பு எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்துக்கொள்ளவும்.

4. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாணின் நீளத்தால் வகுத்து, 57.3 ஆல் பெருக்கினால் பாகை கிடைக்கும். உதாரணமாக, முன்விளிம்பு 127 மி.மீ., பின்விளிம்பு 120 மி.மீ., நாண் 200 மி.மீ. என்றால் வித்தியாசம் 7 மி.மீ.; கோணம் 2 பாகை. இந்த அளவு இறக்கையில் 3.5 மி.மீ. ஒரு பாகைக்குச் சமம்.

கைப்பேசியில் உள்ள கோணம் காட்டும் செயலியையும் பயன்படுத்தலாம். ஆனால் கைப்பேசியின் எடையில் மெல்லிய நுரை இறக்கை வளைந்துவிடக் கூடும்.

இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா?

பலர் விட்டுவிடும் சோதனை இதுதான். இடது, வலது இறக்கைகளை உடலிலிருந்து ஒரே தூரத்தில், உடலருகிலும் நுனியருகிலும் அளந்து ஒப்பிட வேண்டும். இடது இறக்கையின் கோணம் கூடுதலாக இருந்தால், வேகமாகப் பறக்கும்போது அந்தப் பக்கம் தூக்கப்பட்டு விமானம் வலப்பக்கம் சாயும். இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும்போதோ, அதே இடது இறக்கை முதலில் தூக்குவிசை இழந்து சரியும். அதனால்தான் ரிமோட்டில் டிரிம் போட்டு நேராக்கிய விமானமும் தரையிறங்கும் நேரத்தில் திடீரென்று கவிழ்கிறது.

சரிசெய்வது எப்படி?

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டும் இறக்கையானால் மெல்லிய பிளைவூட் துண்டு போதும். முன்விளிம்புக்கு அடியில் வைத்தால் கோணம் கூடும். பின்விளிம்புக்கு அடியில் வைத்தால் குறையும். ஒரே தடவையில் அரை பாகைக்கு மேல் மாற்றாமல் இருப்பது நல்லது, 200 மி.மீ. நாணுக்கு அது ஏறக்குறைய 1.75 மி.மீ. பிளாஸ்டிக் தாள் ஒட்டிய இறக்கை முறுக்கியிருந்தால், எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, தாளை அளவாகச் சூடாக்கி, ஆறும் வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு எடைச்சமநிலை சரியாக இருக்க வேண்டும். பயிற்சி விமானங்களில் சமநிலைப் புள்ளி முன்விளிம்பிலிருந்து நாணின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அமைவது வழக்கம். அது தவறாக இருக்கும்போது கோணத்தை மாற்றிப் பயனில்லை.

முதல் பறப்பை ஆள்நடமாட்டம் இல்லாத விரிந்த திடலில் வைத்துக்கொள்வது அவசியம். கட்டுப்பாடு இழந்த விமானம் ஒரு குழந்தையின் மீது விழுந்தால் காயம் சிறியதாக இருக்காது. அளந்த எண்களை உடலின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தால், பின்னர் எங்காவது இடித்துப் பழுது பார்க்கும்போது இறக்கையைப் பழைய கோணத்திலேயே பொருத்த முடியும்.