உங்களை வெளியே அனுப்பியவர் போடும் எண்

வேலை இழந்த இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உறுப்பினர்களுக்கு மூன்று மாதம்வரை நிவாரணம் தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவின் இப்போதைய நீட்டிப்பு 2026 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது. கெடுவைப் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களைவிட, ‘விண்ணப்பம் போட்டும் நகரவில்லையே’ என்று வருபவைதான் அதிகம். தில்லி சரோஜினி நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும் தமிழர்களின் கடிதங்களில், போய் நின்ற அலுவலகமே தவறு என்பது பாதிப் பிரச்சினை.

போக வேண்டிய இடம் எது?

சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு எட்டிய தூரத்தில், கிழக்கு கிட்வாய் நகரில், வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தலைமையகம் இருக்கிறது. பிக்காஜி காமா பிளேஸில் இன்னொரு அலுவலகம். பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே போனால் கிடைப்பது நீங்கள் சேர்த்த பி.எஃப். பணம் மட்டுமே. நிவாரணம் தருவது இ.எஸ்.ஐ. கழகம், அதற்கு உங்கள் காப்பீட்டு எண் சேர்ந்திருக்கும் கிளை அலுவலகம்தான் கதி. தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வழியாக மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை தரப்படும் உதவித்தொகை முற்றிலும் வேறு சங்கதி. அது பதிந்துவிட்டு ஐந்தாண்டு காத்திருந்தவர்களுக்கு. வேலை பார்த்து இழந்தவர்களுக்கு அல்ல.

‘பாதிச் சம்பளம்’ என்றால் எவ்வளவு?

2018 ஜூலையில் திட்டம் தொடங்கியபோது சராசரி தினசரி ஊதியத்தில் 25 சதவீதம். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்ட் 20 அன்று, அதை 50 சதவீதம் ஆக்கினார்கள். அறிவிப்புகளில் இது ‘பாதிச் சம்பளம்’ என்று ஒலிக்கிறது. ‘சராசரி’ எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள்: முந்தைய நான்கு சந்தாக் காலங்களில், அதாவது இரண்டு ஆண்டுகளில், வாங்கிய மொத்த ஊதியத்தை 730-ஆல் வகுக்கிறார்கள்.

மாதம் 18,250 ரூபாய் வாங்கியவர் 24 மாதமும் வேலை பார்த்திருந்தால் நாளுக்கு 600 ரூபாய் வரும். பாதி 300, 90 நாளுக்கு 27,000. அதே சம்பளக்காரர் இடையில் வேலை இல்லாமல் 12 மாதம் மட்டுமே உழைத்திருந்தாலும் வகுக்கும் எண் 730-தான். அவருக்குக் கிடைப்பது நாளுக்கு 150, மொத்தம் 13,500. கடைசிச் சந்தாக் காலத்தில் 78 நாள், மீதி மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாள் என்று 2020-இல் தகுதியைத் தளர்த்தினார்கள். விட்டுவிட்டு வேலை கிடைப்பவருக்குக் கதவு திறந்தது உண்மை. உள்ளே போனவருக்குப் பாதி என்பது காலாகிவிடுகிறது.

விண்ணப்பம் ஏன் நிற்கிறது?

கடைசி முதலாளி வழியாக விண்ணப்பிக்கும் முறையை 2020-இல் நீக்கி, நேரடியாகக் கிளை அலுவலகத்துக்கே அனுப்பலாம் என்றார்கள். முதலாளியின் தயவு இனித் தேவையில்லை என்பது போல அது பேசப்பட்டது. விண்ணப்பத்தைக் கொடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். சரிபார்ப்பு இன்னும் அவர் பக்கம்தான் போகிறது.

ஒவ்வொரு மாதமும் நிறுவனம் இ.எஸ்.ஐ. போர்ட்டலில் சந்தாப் பட்டியல் ஏற்றுகிறது. உங்களை அனுப்பிவிட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் உங்கள் பெயருக்கு எதிரே வேலை நாள் பூஜ்யம். பூஜ்யம் போட்டால் காரணத்துக்கு ஓர் எண் போட வேண்டும். 1 என்றால் விடுப்பு. 2 என்றால் பணியிலிருந்து விலகினார். 3 ஓய்வு. 4 என்றால் காப்பீட்டு வரம்பைத் தாண்டிவிட்டார். 10 ஆட்குறைப்பு. 11 வேலை இல்லை. இதைத் தட்டுவது பெரும்பாலும் உங்கள் முகத்தையே பார்த்திராத ஒரு கணக்கர்.

ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டவர், வயது முடிந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர் ஆகியோருக்கு நிவாரணம் கிடையாது என்பது விதி. இப்போது 2-ஆம் எண்ணைக் கவனியுங்கள். தானாகப் போனவரா, போகச் சொல்லப்பட்டவரா என்பது அதில் இல்லை. 1 என்று போட்டிருந்தால் இன்னும் மோசம்: கழகத்தின் கண்ணில் நீங்கள் லீவில் இருக்கும் ஊழியர், வேலை இழந்தவரே அல்ல.

அப்படியானால் உள்ளதை உள்ளபடி 10 என்று போட்டால் என்ன? போட்டால் ஆட்குறைப்பு செய்ததை நிறுவனம் தன் கைப்பட ஒப்புக்கொண்டதாகிறது. ஆட்குறைப்பு என்றால் நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, மறுதிறன் நிதிக்கென்று இன்னொரு 15 நாள் ஊதியத்தையும் முதலாளியிடம் கேட்கிறது. 2 என்று போட்டால் இந்தச் செலவு எதையும் அந்தப் பட்டியல் கிளப்பாது. தொழிலாளியின் நிவாரணமும் முதலாளியின் கடனும் ஒரே கட்டத்தில் எழுதப்படுகின்றன. பேனா கடன்காரரிடம் இருக்கிறது. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் முதலாளி மாறும் காவலாளிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும், எந்த ஒப்பந்ததாரர் எந்த எண்ணைப் போட்டார் என்று கண்டுபிடிப்பதே தனி வேலை.

இதைச் சரிசெய்ய முடியாதா? பி.எஃப். விஷயத்தில், முதலாளி வெளியேறிய தேதியைப் பதியாவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே பதிந்துகொள்ள 2020-இல் வழி செய்தார்கள். இ.எஸ்.ஐ. கழகமும் காரண எண் ஏறியவுடன் தொழிலாளியின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, மறுப்பு சொல்ல ஒரு வாரம் கொடுக்கலாம். அதுவரை உங்கள் கையில் இருப்பது காகிதம்தான்: காரணம் எழுதிய பணி நீக்கக் கடிதத்தை வாங்காமல் சீருடையையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுக்காதீர்கள். கடிதம் தர மறுத்தால், வேலை போன தேதியையும் காரணத்தையும் குறித்து நிறுவனத்துக்கு நீங்களே எழுதி, நகலைக் கிளை மேலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

யாருக்கு இந்தப் பேச்சே பொருந்தாது?

பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் கடைகளில் இ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை. சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணி அடுக்கும் பையன்களில் பலர் அப்படிப்பட்ட கடைகளில்தான். 2016-இல் மத்திய அமைச்சரவை ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட முடிவெடுத்தபோது சரோஜினி நகரும் அதில் இருந்தது. குவார்ட்டர்ஸ்கள் காலியானதோடு வேலை இழந்த வீட்டுப் பணிப்பெண்களுக்கும் எதுவும் இல்லை. மேல் வரம்பிலும் ஒரு வேடிக்கை: இ.எஸ்.ஐ. ஊதிய வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் ஆனது. 2025 ஏப்ரல் கணக்குப்படி தில்லியில் தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியமே 22,411. சட்டப்படி கூலி கொடுத்தால் காப்பீடு போய்விடுகிறது.

இன்னும் சில கேள்விகள்

எப்போது விண்ணப்பிக்கலாம்? வேலை போய் 30 நாள் ஆன பிறகு.

எத்தனை முறை? வாழ்நாளில் மொத்தமே 90 நாள்தான்.

முத்திரைத் தாளில் பிரமாணப் பத்திரம் கேட்கிறார்களே? 2020 நவம்பரிலேயே கைவிட்டாயிற்று.

ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள். எழுதித் தராதீர்கள்.

ஆதாரில் பெயர் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் அப்பா பெயர் இனிஷியலாகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் இருப்பது தில்லித் தமிழரின் தீராத தலைவலி. காப்பீட்டு எண், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே எழுத்தாக மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஜூன் 30-க்குப் பிறகு? 2020-இல் மார்ச் 24 முதல் செல்லும் சலுகையை ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2024-இல் ஜூனில் முடிந்த கெடுவை அக்டோபரில் நீட்டினார்கள். நம்பலாம், ஆனால் நம்பி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

பி.எஃப். பணம்? 75 சதவீதம் உடனே, மீதி ஓராண்டு கழித்து என்று 2025 அக்டோபரில் அதன் அறங்காவலர் குழு முடிவெடுத்தது.

பதிலே இல்லை? முதலில் 1800-11-2526. அதிலும் அசையாவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘என் விண்ணப்பம் என்ன ஆயிற்று’ என்று கேட்டால் ‘பரிசீலனையில்’ என்று வரும். என் பெயருக்கு எதிரே எந்தக் காரண எண், எந்தத் தேதியில், எந்த நிறுவனம் ஏற்றியது என்று கேளுங்கள்.