வெள்ளம் வடிந்த பின்

கண்ணப்பர் வரலாற்றில் வரும் பொன்முகலி ஆறே இன்று சுவர்ணமுகி எனப்படுகிறது. திருப்பதியையும் திருக்காளத்தியையும் அடுத்து ஓடும் இவ்வாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரியும். 2021 நவம்பரில் இதில் பெருவெள்ளம் வந்தது. மக்கள் வீடுகளையும் பயிர்களையும் இழந்தனர். ஆற்றில் வாழும் உயிர்கள் என்ன ஆகும்?

விரைந்தோடும் நீர் கற்களைப் புரட்டுகிறது. அவற்றின்மீது படர்ந்த பாசியும், அடியில் வாழும் பூச்சிகளின் இளம்புழுக்களும் அடித்துச் செல்லப்படுகின்றன. ஆயினும் எல்லாம் அழிவதில்லை. நீர் தெளிந்து வெயில் பட்டதும் கற்களில் மீண்டும் பாசி படர்கிறது. அதை உண்ணச் சிற்றுயிர்கள் வருகின்றன. கரையில் தப்பிய தும்பிகள் பறந்து வந்து முட்டையிடுகின்றன. மடுக்களிலும் மரவேர்களின் இடுக்குகளிலும் ஒதுங்கிய மீன்கள் இரை தேடி வெளிவருகின்றன.

கெண்டை, கெளுத்தி முதலிய மீன்களுள் பல, மழைக்காலப் புதுவெள்ளத்தில்தான் முட்டையிடுகின்றன. கரையோரத்தில் தேங்கும் ஆழமற்ற நீரே குஞ்சுகளுக்குத் தொட்டில். ஆகவே வெள்ளம் ஆற்றுக்குப் பகையன்று.

உண்மையான பகை வேறு. மணலை அளவின்றி அள்ளினால் மடுக்கள் உருக்குலையும். கரைமரங்களை வெட்டினால் மீன்களுக்கு ஒதுங்க இடமிராது. குப்பையும் கழிவுநீரும் கலந்தால் முட்டைகள் பிழைப்பதரிது. ஆறு தானே நலம்பெறும். அதற்குரிய இடத்தை நாம் விட்டுவைக்க வேண்டும்.

சிந்தித்து எழுதுக: உங்கள் ஊர் ஏரியிலோ ஆற்றிலோ மழைக்கு முன்னும் பின்னும் நீங்கள் காணும் உயிர்கள் யாவை? அவற்றின் பெயர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுக.