'இலக்குமி' என்னும் பெயர்: தோற்றமும் திரிபுகளும்

இந்திய மொழிகள் பலவற்றில் பெண்களுக்கு இடப்பெற்றுவரும் மரபுப் பெயர்களுள் 'இலக்குமி' குறிப்பிடத்தக்கது. இலக்குமி, லட்சுமி, லெச்சுமி, லச்சம்மா, லக்கம்மா, லொக்கி எனப் பல வடிவங்களில் இது வழங்குகிறது. இவற்றைச் சிதைவுகளெனக் கருதி 'லட்சுமி' என ஒருசீராக்கும் போக்கு மொழிபெயர்ப்புகளில் காணப்படுகிறது. இவ்வடிவங்கள் விதிக்குட்பட்ட மாற்றங்களின் விளைவே என்பதையும், ஒருசீராக்கத்தால் பொருளிழப்பு நேர்வதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தோற்றம்

இருக்கு வேதத்தில் (10.71) இச்சொல் தெய்வப் பெயராக அன்றி, பேச்சில் பதிந்துள்ள நற்குறியைச் சுட்டவே வருகிறது. 'அடையாளமிடுதல்' என்னும் பொருளுடைய 'லக்ஷ்' என்பதோடு இது தொடர்புடையது. இலட்சணம், இலட்சியம் என்பனவும் இதன் இனச் சொற்களே. அதர்வ வேதத்தில் 'தீய லட்சுமி' என்ற வழக்கும் உண்டு. எனவே தொடக்கத்தில் இது நன்மை, தீமை இரண்டிற்கும் பொதுவான 'குறி' எனலாம். வாஜசனேயி சங்கிதை (31.22) ஸ்ரீயையும் லட்சுமியையும் இரு தேவியராகக் கூறுகிறது. இருவரும் ஒருவராகக் கருதப்பட்ட பின்னரே செல்வத்தின் தெய்வம் என்னும் பொருள் நிலைபெற்றது.

திரிபுகள்

'க்ஷ' என்னும் கூட்டொலி மத்திய இந்தோ-ஆரிய மொழிகளில் 'க்க' எனவும் 'ச்ச' எனவும் இருவகையாகத் திரிந்தது. பாலியில் 'லக்கீ', பிராகிருதத்தில் 'லச்சீ' என வரும். வங்காளத்து 'லொக்கி', அசாமியத்து 'லகிமி', கன்னடத்து 'லக்கம்மா' ஆகியன முதல்வகையை ஒத்தவை. தெலுங்கு 'லச்சம்மா' இரண்டாம் வகையை ஒத்தது.

தமிழில் லகரம் மொழிமுதலில் வாராமையின் இகரம் முன்வந்து 'இலக்குமி' ஆயிற்று. இது நன்னூலார் கூறும் வடமொழியாக்க நெறி. 'லெச்சுமி' என்னும் பேச்சு வடிவிலும் ஒழுங்கு உண்டு: கடன் சொற்களின் முதலில் ர, ல மற்றும் ஒலிப்புடைய வெடிப்பொலிகளை அடுத்த அகரம் எகரமாதல் இயல்பு. ஜனம் 'ஜெனம்' ஆவதும், கங்கை 'கெங்கை' ஆவதும் இதனாலேயே. கேரளத்திலும் மலேசியாவிலும் உரோமன் எழுத்தில் இப்பெயரை எகரமிட்டு எழுதும் வழக்கம் இவ்வொலிப்பையே காட்டுகிறது.

செல்வாக்கு

பிற சொற்களோடு எளிதில் இணைவது இப்பெயரின் வலிமை. விஜயலட்சுமி, தனலட்சுமி என வடசொல்லோடும், முத்துலட்சுமி எனத் தமிழில் வேரூன்றிய சொல்லோடும், சுப்புலட்சுமி எனப் பிறிதொரு தெய்வப் பெயரின் குறுக்கத்தோடும் அது சேர்கிறது. முத்துலட்சுமி ரெட்டி (1886-1968), எம்.எஸ். சுப்புலட்சுமி (1916-2004) ஆகியோரின் பெயர்கள் இதற்குச் சான்று.

மொழிபெயர்ப்பு

வங்காளத்தில் 'லொக்கி' என்பது 'சொன்னபடி கேட்கும்', 'நல்ல' என்னும் பொருளில் பெயரடையாகவும் வழங்கும். ஆண் குழந்தைக்கும் பொருந்தும். அதனை 'லட்சுமிப் பையன்' என்பது பிழை. 'சமர்த்துப் பையன்' என்பதே ஒக்கும். தமிழில் 'லட்சுமிகரம்' என்பதோ தோற்றப் பொலிவைக் குறிக்கும், குணத்தையன்று.

இவ்வாறே, தெலுங்குக் கதையொன்றில் உழவர் குடும்பத்து லச்சம்மாவும் நகரத்து லட்சுமியும் இடம்பெற்றால், இருவரையும் 'லட்சுமி' ஆக்குவது ஆசிரியர் காட்டிய சமூக வேறுபாட்டை அழிப்பதாகும். ஆதலின் மாந்தர் பெயராயின் மூலத்தின் வடிவத்தைக் காத்தலும், பெயரடையாயின் பொருளைப் பெயர்த்தலும், தெய்வத்தைச் சுட்டுமாயின் தமிழில் நிலைபெற்ற வடிவத்தை ஆளுதலும் தக்க நெறியாகும்.