கணினியின் மந்தமும் அதன் காரணமும்

இக்காலத்து மாணவர் இல்லங்களிற் கணினி இன்றியமையாத கருவியாய் அமைந்துவிட்டது. கட்டுரை வரைதலும், பழைய நூற்பதிப்புக்களை மின்வடிவிற் பயிலுதலும், தேர்வுக்கு விண்ணப்பித்தலும் அதன் வாயிலாகவே நிகழ்கின்றன. அக்கருவியோ, வாங்கிய சில ஆண்டுகளில் மந்தமுறுகின்றது. பொத்தானை அழுத்திய பின்னர்ப் பல நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். ஒரு கோப்பினைத் திறக்கப் புகின், சிறு வட்டமொன்று திரையிற் சுழன்றுகொண்டேயிருக்கும். அந்நிலையிற் பலரும், "இது பழையதாயிற்று, புதியது வாங்குதலே தகும்" என முடிவு செய்துவிடுகின்றனர். எளிய குடும்பத்தார்க்கு அச்செலவு சிறிதன்று; தம்பியின் கல்லூரிச் சேர்க்கைக்கென வைத்த பொருளே அதற்குக் கரைந்துபோதலும் உண்டு. ஆதலின், அம்மந்தத்தின் காரணம் யாது, அதனைக் குறைந்த செலவிற் களைவது எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வண்டிச் சக்கரம் ஓடஓடத் தேய்வதுபோலக் கணினியின் மூளையாகிய பிராசசர் தேய்ந்து வேகங் குறைவதன்று. பத்தாண்டுகட்கு முன் ஒரு விநாடியிற் செய்த கணக்குக்களை இன்றும் ஏறத்தாழ அவ்வாறே செய்யவல்லது. மாறியது அதன்மேல் நாம் ஏற்றுஞ் சுமையே. மென்பொருள்கள் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பருத்துக்கொண்டே செல்கின்றன. இணையப் பக்கங்களும் முன்னையவற்றினும் பன்மடங்கு படங்களையும் கட்டளைகளையும் சுமந்து வருகின்றன. கருவி நின்ற நிலையிலேயே நிற்கச் சுமை மட்டும் வளர்கின்றது.

அச்சுமை தாமதத்தை விளைக்குமாற்றை நூல்நிலையத்தைக் கொண்டு விளக்கலாம். மாணவன் ஒருவன் மேசைமுன் அமர்ந்து, அகராதியும் இலக்கணமும் உரைநூல்களுமாக நான்கினை விரித்துவைத்து ஆராய்கின்றான் எனக் கொள்க. மேசை அகன்றதாயின் ஆராய்ச்சி தடையின்றி நடைபெறும். அஃது இரண்டு நூல்களுக்கே இடந்தருமாயின், மூன்றாவதை விரிக்குந்தோறும் ஒன்றை அலமாரியிற் கொண்டுபோய் வைத்தல் வேண்டும். நூல்கள் பெருகப்பெருக, நடத்தலே தொழிலாகிப் படித்தல் நின்றுவிடும். இவ்வுவமையில் மாணவன் பிராசசர். மேசை, ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். அலமாரி, ஹார்ட் டிஸ்க். ரேம் நிரம்பியவிடத்துக் கணினி அதன் ஒரு பகுதியை டிஸ்க்கிற்கு மாற்றியும் மீட்டும் பணியை நடத்துகின்றது. மாற்றலும் மீட்டலுமே முழுநேரத் தொழிலாய்விடும் இவ்விடர்நிலையைப் பீட்டர் டென்னிங் என்னும் அறிஞர் 1968-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து விளக்கினார். 4 ஜி.பி. ரேம் உடைய கணினியிற் பிரௌசரின் இருபது பக்கங்களை ஒருங்கே திறப்போர் தம்மையறியாது புகுவது இந்நிலையே.

இனி, அலமாரியும் அருகிலிருப்பதன்று. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுக்கள் சுழன்றன. இன்றைய ஹார்ட் டிஸ்க் கையளவே ஆயினும், அதன் தத்துவம் அதுவே. தட்டுச் சுழல, ஒரு சிறு கை அசைந்துசென்று செய்தியைப் படித்தல் வேண்டும். நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தட்டு ஒரு முறை சுற்றுதற்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி ஆகும். கை நகர்தற்கும் அதனையொத்த காலம் செல்லும். ஆகவே, ஒரு விநாடியில் அது சிதறிய நூறு இடங்களைக்கூடத் தேடிப் படித்தல் அரிது. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பிலோ சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. அது விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களைப் படிக்கும்.

மருத்துவர் நாடி பார்த்த பின்னரே மருந்தளிப்பர். கணினிக்கும் நாடியொன்று உண்டு. விண்டோஸ் கணினியிற் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. டாஸ்க் மேனேஜர் தோன்றும். மந்தம் மிக்க வேளையில் அதிலுள்ள எண்களை நோக்குக. மெமரி நிரம்பி நிற்பின், குறை ரேமில் உள்ளது. மெமரியில் இடமிருப்பவும் டிஸ்க் நூறு விழுக்காட்டை அணுகி நிற்பின், குறை டிஸ்க்கினது. சி.பி.யு. ஓயாது உயர்ந்து நிற்பின், யாதோவொரு மென்பொருள் அதனை வாட்டுகின்றது. அதன் பெயரும் ஆண்டே காணப்படும்.

காரணம் தெரிந்தபின், செலவில்லா வழிகளையே முதற்கண் கைக்கொள்க. கணினி தொடங்கும்போதே தாமாக எழும் மென்பொருள்கள் பல. அவற்றுள் வேண்டாதவற்றை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்திவிடலாம். பயன்படாத பிரௌசர் பக்கங்களை மூடுக. டிஸ்க் முழுதும் நிரம்பாதபடி இடம் விடுக. "ஒரே நொடியில் வேகம்" என விளம்பரஞ் செய்யும் மென்பொருள்களை நாடற்க. அவையும் ஒரு சுமையே. விசிறியில் தூசி அடைந்திருப்பின் அகற்றுவிக்க. வெப்பம் மிகுந்தால், பிராசசர் தன்னைக் காத்தற்பொருட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இவற்றால் தீராதாயின், சிறு செலவு செய்தல் தகும். ஹார்ட் டிஸ்க் உடைய கணினிக்கு எஸ்.எஸ்.டி. மாற்றுதலைப் போற் கண்கூடாகப் பயன்றருவது பிறிதில்லை. ரேம் குறையாயின் அதனைக் கூட்டலாம்; மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்குமாதலின், வாங்குமுன் கேட்டறிக. எதனை மாற்றும் முன்னரும் கோப்புக்களை வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் கட்டாயம்.

தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டு முதல் மேனிலைப்பள்ளி மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பல வீடுகளிற் பரண்மேற் கிடக்கின்றன. அவற்றுட் பலவும் இம்முறையாற் பயன்படத்தக்கனவே. ஆயினும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10 பதிப்பிற்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 பழைய பிராசசர்கள் பலவற்றை ஏற்பதில்லை. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினியில் வங்கிக் கணக்கைக் கையாளுதல் நன்றன்று. அத்தகைய கணினிகட்கு, லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸின் வழிவந்த லுபுண்டு போன்ற எளிய இயக்கமுறைமைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழில் தட்டெழுதுதலும் அவற்றில் இயலும்.

இவையனைத்தும் செய்த பின்னரும் நம் பணிக்குப் போதாதெனக் காணின், புதியது வாங்குதல் குற்றமன்று. ஆனால் கடைக்குச் செல்லுமுன், அம்மூன்று விசைகளையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அதற்குச் செலவு யாதுமில்லை. அதனாற் காக்கப்படும் பொருளோ, ஒரு குடும்பத்தார் பல திங்கள் முயன்று சேர்த்ததாக இருத்தல் கூடும்.