திரையில் பாதி, இல்லத்தில் பாதி

தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் தேர்ச்சி பெற்ற சான்றிதழ் ஒன்று கையிலிருந்தால், ஓய்வு பெறும் நாள்வரை அதுவே சோறு போடும் என்று ஒரு தலைமுறையினர் நம்பினர். அன்று அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. இன்றோ தட்டச்சுப் பொறியே பெரும்பாலான அலுவலகங்களை விட்டு அகன்றுவிட்டது. தொழிலாளர்க்கு வேண்டிய அடிப்படைத் திறன்களுள் 39 விழுக்காடு 2030ஆம் ஆண்டிற்குள் மாறிவிடும் என வேலையளிப்போர் எதிர்பார்ப்பதாக, உலகப் பொருளாதார மன்றத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

ஆகவே, நாற்பது வயதினரும் மீண்டும் மாணவராக வேண்டியுள்ளது. ஆனால், குடும்பத்தைத் தாங்குபவர் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குச் செல்ல இயலுமா? அத்தகையோர்க்கு முன்னர் அஞ்சல்வழிக் கல்வி கைகொடுத்தது. இன்று இணையவழிக் கல்வி கைகொடுக்கிறது. ஐ.ஐ.டி. நிறுவனங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தை இதற்குச் சான்றாகக் கூறலாம். 2014 முதல் அது சான்றிதழும் வழங்கி வருகிறது. பாடங்கள் 4, 8 அல்லது 12 வாரங்கள் நடைபெறும். பாடம் கேட்கக் கட்டணமில்லை. வாரந்தோறும் தரப்படும் பயிற்சிகளை முடித்து, கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்தில் நேரில் எழுதுவோர் சான்றிதழ் பெறலாம். பொறியியல் மட்டுமன்றி, மென்திறன்களைப் பற்றிய பாடங்களும் அங்கு உண்டு.

மென்திறன் என்பது யாது? பிறர் கூறுவதைப் பொறுமையுடன் செவிமடுத்தல், தன் கருத்தைத் தெளிவாக எடுத்துரைத்தல், கூடி உழைத்தல், குறை சுட்டப்படும்போது சினவாதிருத்தல் ஆகியவையே. இவற்றின் விதிகளைத் திரை கற்பிக்கும், பழக்கத்தைக் கற்பிக்காது. திரையில் தோன்றும் ஆசிரியர் நம்மை இடைமறிப்பதில்லை, நம்மீது சினங்கொள்வதில்லை, நம் மறுமொழிக்காகக் காத்திருப்பதுமில்லை. அலுவலகத்தில் நம்முடன் அமர்ந்திருப்போர் அப்படியல்லரே!

எனவே, மீதிப் பாடம் இல்லத்தில்தான் நடைபெற வேண்டும். நாம் செய்வதென்ன? படிப்புக் கெடும் என்று விருந்தினர் முன்னும் பிள்ளையை வரவிடுவதில்லை. அவன் வினா எழுப்பினால் "வாயாடாதே" என்று அடக்குகிறோம். பின்னர், நேர்முகத் தேர்வில் அவன் வாய் திறக்கவில்லையே என்று வருந்துகிறோம்.

பெற்றோரே, அன்று கற்றதை இரவு உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் தாய்மொழியில் விளக்குமாறு பிள்ளையிடம் கேளுங்கள். தெளிவு முதலில் தாய்மொழியில் பிறந்தால், ஆங்கிலத்தில் எடுத்துரைப்பதும் எளிதாகும். வங்கிக்கும் அஞ்சலகத்திற்கும் அவனையே அனுப்பிப் பேசச் செய்யுங்கள். உடன்பிறந்தோர் பூசலிட்டால், எதிரியின் நியாயத்தை முதலில் சொல்லச் செய்த பின்னரே அவரவர் வழக்கைக் கேளுங்கள்.

தந்தை இரவில் பாடம் கேட்கும் வீட்டில், அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சி ஓய்வெடுக்கட்டும். புரியாத இடத்தில் அவர் தம் மகளை அழைத்து, "இது எனக்கு விளங்கவில்லை, சொல்லிக்கொடம்மா" என்று கேட்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்கும் துணிவே மென்திறன்களுள் தலையாயது. அதை அம்மகள் எந்தத் திரையிலும் கண்டிருக்க மாட்டாள். தன் தந்தையிடம் கண்டிருப்பாள்.