முட்டையிட்ட கெக்கோ சோர்ந்து கிடந்தால்

தன்னிடம் இருக்கும் லெப்பர்ட் கெக்கோ பெண் என்பது, கண்ணாடித் தொட்டியின் மூலையில் இரண்டு வெள்ளை முட்டைகளைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. கடையில் ‘ஆண்’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். துணையே இல்லாமல் எப்படி முட்டை வந்தது என்று குழப்பம் வரும். சேவல் இல்லாத கோழியும் முட்டையிடுகிறதே, அதே கணக்குதான். இப்படி வரும் முட்டை பொரிக்காது. ஆனால் தாய்க்கு ஆகும் செலவில் தள்ளுபடி கிடையாது. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தும் மஞ்சள் கருவுக்குக் கொழுப்பும் அதன் எலும்பிலிருந்தும் வாலிலிருந்தும்தான் போகின்றன.

வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இது தூரத்து உறவு. இதற்குக் கண்ணிமை உண்டு, விரலில் ஒட்டும் பட்டை கிடையாது, கண்ணாடியில் ஏறாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்கள்தான் இதன் சொந்த ஊர். ‘வடமேற்கு இந்தியா’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டம் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

முட்டை வெளியே வந்துவிட்டால் கண்டம் கழிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறோம். பல கெக்கோக்கள் படுத்துக்கொள்வது அதற்குப் பிறகுதான். ஒரு முட்டை சுமார் மூன்று கிராம். வழக்கமாக ஒரு தடவைக்கு இரண்டு. அறுபது கிராம் தாய்க்கு அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. ஒரு பருவத்தில் இரண்டு மூன்று வார இடைவெளியில் இப்படிப் பல ஈடு இடக்கூடும். ஆணோடு ஒருமுறை சேர்ந்திருந்தால் விந்தை உடலில் சேமித்து வைத்துக்கொண்டு, ஆணைப் பிரித்த பிறகும் கருவுற்ற முட்டை இடும். முதல் ஈட்டில் தாக்குப்பிடித்தது மூன்றாவதில் சரிந்து விழுவது இதனால்தான். சீக்கு வந்தது போன வாரமாக இருக்கலாம், பற்றாக்குறை தொடங்கிப் பல மாதமாகியிருக்கும்.

சத்துக் குறைவை முதலில் காட்டிக்கொடுப்பவை விரல்கள். கையில் எடுக்கும்போது பாத விரல்கள் லேசாக வெட்டி வெட்டி இழுக்கும். கூச்சத்தில் நெளிகிறது என்று நினைத்துவிடுவோம். அடுத்து நடை மாறும். நல்ல கெக்கோ வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடக்கும். சத்துக் குறைந்தது வயிறு உரச முழங்கையால் தவழும். கீழ்த்தாடையை விரலால் மெல்லத் தொட்டால் ரப்பர் போல வளையும். பூச்சியைக் குறிபார்த்துப் பாயும், கடிக்க வலுவிருக்காது. முழு உடம்பும் நடுங்கத் தொடங்கினால் காலை வரை பொறுக்கலாம் என்று விடாதீர்கள்.

முட்டை உள்ளேயே தங்கிவிடுவது இன்னொரு ஆபத்து. வயிற்றுத் தோல் மெல்லியது. டார்ச் வெளிச்சத்தில் நீள்வட்டமாக வெள்ளை முட்டை தெரியும். ஒன்று வெளியே வந்து மறுநாளும் இன்னொன்று உள்ளே தெரிந்தால், அல்லது ஓரிரு நாளாகத் தோண்டித் தோண்டி முக்கியும் ஒன்றும் வரவில்லையென்றால், மருத்துவரிடம் போகிற நேரம் வந்துவிட்டது. வயிற்றைப் பிதுக்கி எடுக்க மட்டும் யாரும் முயல வேண்டாம். முட்டை உள்ளே உடைந்தால் வயிற்றறை முழுக்க அழற்சி பரவும். கழிவுத்துளையிலிருந்து இளஞ்சிவப்பாகச் சதை வெளியே தள்ளியிருந்தால், அது காய்ந்துபோகாமல் மருந்துக்கடைச் சலைனில் நனைத்த சுத்தமான துணியை மேலே வைத்து உடனே கிளம்புங்கள். உள்ளே தள்ளிவிட நாம் பார்க்கக் கூடாது.

கிளம்பும் வரை வீட்டில் செய்யக்கூடியது குறைவு, ஆனால் அது முக்கியம். முதலில் சூடு. ஊர்வனவற்றுக்கு வெளிச்சூடு இல்லாமல் செரிமானமும் நடக்காது, முட்டையும் இறங்காது, கொடுத்த மருந்தும் சரியாகப் பிடிக்காது. தொட்டியின் சூடான பக்கத்தில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சென்னை வெயிலில் இதற்கு என்ன தனி ஏற்பாடு என்று கேட்பவர்கள், இரவெல்லாம் 22-ல் ஏ.சி. ஓடும் அறையில் தொட்டி இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஹீட் மேட்டை தெர்மோஸ்டாட் இல்லாமல் நேரே பிளக்கில் மாட்டுவது வேறு வகை ஆபத்து, வயிற்றுத் தோல் வெந்துபோகும். இரண்டாவது நீர். கண் குழிவிழுந்திருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். கால் மட்டும் நனையும் அளவு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் விட்டு, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தால் தானாக நக்கும். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கால்சியம் ஊசி பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர் போனிலேயே மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லிவிடுவார். ஐம்பது, அறுபது கிராம் உடம்புக்கு அளவு ஒரு சொட்டு கூடினாலும் பெரிய வித்தியாசம். சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தால் அந்த ஊசியே ஆளை முடித்துவிடும். தசை இழுப்புக்கு மருத்துவர் கொடுப்பதும் கால்சியம்தான், ஆனால் எக்ஸ்ரே பார்த்து, நீர்ச்சத்து ஏற்றி, அளந்து கொடுப்பார். தங்கிப்போன முட்டைக்கு மருந்து பலிக்கவில்லையென்றால் அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.

மருத்துவரைக் கண்டுபிடிப்பது இங்கே நிஜமான சிரமம். நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோரின் நாள் மாடு, ஆடு, நாயோடு போகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனவே கெக்கோ நன்றாக இருக்கும்போதே தேடி வைத்துக்கொள்ள வேண்டிய நம்பர் இது. பல்லி, ஆமை பார்த்த அனுபவம் உண்டா, சிறிய உடலுக்கு எக்ஸ்ரே எடுக்க வசதி இருக்கிறதா என்று போனிலேயே கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேட்டாலும் யாரிடம் போகலாம் என்று வழி தெரியும். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் சிகிச்சை அளிக்கலாம். ‘நான் இருபது வருஷமாகப் பல்லி வளர்க்கிறேன், கொண்டாங்க, ஊசி போட்டுவிடுகிறேன்’ என்பவருக்கு அந்த உரிமை கிடையாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், கேஸ் ஷீட்டும் பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சையில் அலட்சியம் என்று தோன்றினால் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆனால் நாம் நான்கு நாள் தாமதமாகக் கொண்டுபோனதால் பிழைக்காத உயிருக்கு மருத்துவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. யார் பக்கம் தவறு என்று பிறகு பார்க்க உதவுவது, எடையும் தேதியும் எழுதிய ஒரு சின்ன நோட்டுதான். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். முட்டையிட்ட அன்று எடை குறைவது இயல்பு. அடுத்தடுத்த வாரமும் இறங்கிக்கொண்டே போனால், வாலும் மெலிந்தால் அது நோய். மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.

விற்றவரின் பொறுப்புக்கு வருவோம். ஆண் கெக்கோவுக்குப் பின்னங்கால்களுக்கு நடுவே தலைகீழ் ‘வி’ வடிவில் துளைகள் வரிசையாகத் தெளிவாகத் தெரியும், அதற்குக் கீழே இரண்டு புடைப்பும் இருக்கும். வளர்ந்த கெக்கோவில் இதைப் பார்க்கத் தெரியாதவர் பல்லி விற்கக் கூடாது. ஆண் என்று சொல்லிப் பெண்ணை விற்றாலோ, சினையாக இருப்பதை மறைத்து விற்றாலோ, நோயுள்ளதை நல்லது என்று தந்தாலோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டுமே! பில் கேட்டால் ‘பல்லிக்கு யாருங்க பில் போடுவா’ என்று சிரிப்பவரிடம் வாங்காமல் வருவதே உத்தமம். வாங்கியாகிவிட்டது என்றால் பணம் அனுப்பிய பதிவும், ‘ஆண்தான் சார், கியாரண்டி’ என்ற வாட்ஸ்அப் செய்தியும் கைகொடுக்கும். அழிக்காதீர்கள்.

செல்லப்பிராணிக் கடைகளுக்கென்று 2018-இல் தனி விதிகள் வந்தன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் கடை பதிவு செய்திருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் பக்கம் வைத்து, ஆம்னி பஸ்ஸில் டப்பாவில் அடைத்து அனுப்புகிறவரிடம் அந்தச் சான்றிதழ் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

வனவிலங்குச் சட்டம்தான் பலரைத் தூங்கவிடாதது. ‘இது எக்ஸாடிக் சார், நம்ம சட்டம் இதுக்குப் பொருந்தாது’ என்பது கடையில் கேட்கும் பல்லவி. அதில் இரண்டு ஓட்டை. லெப்பர்ட் கெக்கோ வடமேற்கு இந்தியாவிலும் காட்டில் வாழ்கிறது. கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்பதைக் காகிதம்தான் சொல்லும். இரண்டாவது, 2022-இல் செய்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள சைட்டிஸ் பட்டியல் விலங்குகளையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்த வகை விலங்கை உயிரோடு வைத்திருப்பவர், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பெரிய டோக்கே பல்லி, பச்சை நிற டே கெக்கோ போன்றவை சைட்டிஸ் பட்டியலில் இருப்பவை. முட்டை பொரித்துக் குஞ்சு வந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பட்டியல்கள் அவ்வப்போது மாறும் என்பதால் உங்களிடம் உள்ள இனத்தின் அறிவியல் பெயரைச் சொல்லி மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. லெப்பர்ட் கெக்கோவுக்கு அது யூப்லெஃபாரிஸ் மாகுலாரியஸ்.

காகிதம் இல்லை என்ற பயத்தில் சீக்கான பிராணியை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பது இரட்டைத் தவறு. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 3-ஆம் பிரிவு, வளர்ப்பவருக்கு அதன் நலனைப் பார்க்கும் கடமையைச் சுமத்துகிறது. துன்பப்பட விடுவது குற்றம். முதல் தடவைக்கான அபராதம் பத்து ரூபாயில் தொடங்கி ஐம்பதில் முடிகிறது என்பது அந்தச் சட்டத்தைப் பார்த்து நாம் வெட்கப்பட வேண்டிய இடம், அது வேறு கதை. சமாளிக்க முடியவில்லை என்று பள்ளிக்கரணைப் பக்கமோ மலையடிவாரத்திலோ விட்டுவிடுவதும் அதே சட்டப்படி கைவிடுதல்தான். வறண்ட நிலத்துப் பிராணி அங்கே பிழைக்காது. பிழைத்தால், கூடவே வந்த ஒட்டுண்ணி நம் ஊர்ப் பல்லிகளுக்குப் போகும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பல்லி விஷம் என்று பாட்டி பயமுறுத்தியது பொய். ஆனால் ஊர்வன பார்வைக்கு நலமாக இருந்துகொண்டே சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும் என்பது மெய். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, சோப்பால் கை கழுவாமல் எதையும் தொடக் கூடாது. நிறுக்கும் தராசையும் அதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேறி வரும் கெக்கோவுக்குப் பத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. கிரிக்கெட், மீல்வார்ம் இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. பூச்சிக்கு முதல் நாளே கீரை, கேரட் கொடுத்து வயிறு நிரப்பி, கால்சியம் பவுடரில் புரட்டிப் போட வேண்டும். வைட்டமின் டி3 கலந்த பவுடரை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்லட்டும், அதுவும் மிஞ்சினால் கேடு. தரையில் மணல் வேண்டாம். சத்துக் குறைந்த பல்லி மணலை நக்கும், குடல் அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நாளைக்கு டிஷ்யூ காகிதமே போதும், மலத்தையும் அதில் தெளிவாகப் பார்க்கலாம். அடுத்த ஈட்டுக்கு மூடி போட்ட டப்பாவில் வாசல் வெட்டி, ஈரத் தென்னை நார்த்தூளை நான்கு விரற்கடை நிரப்பி வையுங்கள். தோண்ட இடம் கிடைக்காமல் முட்டையை அடக்கிக்கொள்ளும் பெண்கள் உண்டு. பக்கத்துத் தொட்டியில் ஆண் இருந்தால் அந்தப் பருவம் முழுக்கச் சேர்க்காதீர்கள், வாங்க ஆள் காத்திருக்கிறார்கள் என்றாலும்.