நிற்கும் இடம் அறிதல்

எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் ஒருவருக்குக் கடிதம் எழுதுவோர் முதலில் அவருடைய பெயரையும் கதவு எண்ணையும் எழுதுவர். பின்னர்த் தெரு, அதன்பின் பகுதி, இறுதியில் பெங்களூரு 560100 என முடிப்பர். அஞ்சல் முகவரி சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிகிறது. தமிழ்நாட்டு நிலப் பத்திரங்களிலோ கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர் வட்டம், அதன்பின் கிராமம், சர்வே எண் எனப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருவர். கணினி தன்னிடமுள்ள கோப்புகளின் இருப்பிடத்தைக் குறிப்பது இந்தப் பத்திர முறையிலேதான்.

கோப்புகள் வைக்கப்படும் இடத்திற்குக் கோப்புறை என்று பெயர். ஒரு கோப்புறைக்குள் வேறு பல கோப்புறைகள் இருக்கலாம். அவற்றைச் சுட்டியால் அழுத்தித் திறப்பதை மாணவர் அனைவரும் அறிவர். படங்கள் ஏதுமில்லாத கருந்திரையில், கட்டளைகளைத் தட்டச்சு செய்தும் அதே பணியைச் செய்யலாம். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கிய காலத்தில் அவர்கள் கணினியோடு உரையாடியது எழுத்துகளால் மட்டுமே. ஆர். கே. பாலிகாவின் முயற்சியால் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டியை அமைத்தது 1978-இல். ஆகவே யூனிக்ஸ் இந்நகரைவிட ஒன்பது ஆண்டு மூத்தது. அதன் வழிவந்த கட்டளைகளை இன்றும் இங்குள்ள பொறியாளர்கள் நாள்தோறும் தட்டச்சு செய்கின்றனர். அவர்கள் இயக்கும் தொலைதூரக் கணினிகள் பலவற்றில் சுட்டிக்கு வேலையே இல்லை.

லினக்ஸ் கணினியில் தொடக்க நிலையினருக்கு மூன்று கட்டளைகள் போதும். பி-டபிள்யூ-டி என்பது, தாம் இப்போது எந்தக் கோப்புறையில் நிற்கிறோம் என்பதைக் காட்டும். எல்-எஸ், அங்குள்ளவற்றைப் பட்டியலிடும். சி-டி, வேறொரு கோப்புறைக்கு அழைத்துச் செல்லும். இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் தட்டச்சு செய்தல் வேண்டும். கோப்புறையின் பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கலாம்.

முதல் கட்டளையை இட்டால் '/ஹோம்/மாணவர்/தமிழ்/கட்டுரை' என்பது போன்ற ஒரு வரி தோன்றும். இதுவே முழுப்பாதை. தொடக்கத்திலுள்ள சாய்கோடு அனைத்திற்கும் மூலமான வேர்க் கோப்புறையைக் குறிக்கும். எங்கே நின்று சொன்னாலும் முழுப்பாதை மாறாது. சார்புப் பாதையோ, சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஓசூர்ச் சாலையில் சில்க் போர்டிலிருந்து வருபவருக்கு இடப்புறம் உள்ள கடை, ஓசூரிலிருந்து வருபவருக்கு வலப்புறம் ஆகிவிடும் அல்லவா? அதுபோன்றதே இது. சார்புப் பாதையில் இரண்டு புள்ளிகள் ஒரு படி மேலே உள்ள கோப்புறையைக் குறிக்கும்.

பழகுவோர் பெரிதும் அஞ்சுவது, 'அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்னும் பொருள்பட வரும் ஆங்கிலச் செய்திக்கே. நேற்று எழுதிய கட்டுரை அழிந்துவிட்டது எனப் பதறுவர். பெரும்பாலும் கட்டுரை வைத்த இடத்திலேயே இருக்கும். தேடுபவர் வேறோரிடத்தில் நின்று தேடியிருப்பார். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருப்பினும் இச்செய்தியே வரும். ஆங்கிலப் பெயரெனில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு.

வழி தவறியவர் சி-டி என்று மட்டும் தட்டச்சு செய்து நுழைவு விசையை அழுத்தினால், எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் தம் வீட்டுக் கோப்புறைக்குத் திரும்பிவிடலாம். விடுமுறைக்குச் சேலம் செல்வோர் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில் காத்துக் கிடப்பது போன்ற தாமதம் இதில் இல்லை. ஆயினும் விண்டோஸ் கட்டளைத் திரையில் இதே சி-டி, நிற்கும் இடத்தைக் காட்டுமேயன்றி எங்கும் அழைத்துச் செல்லாது.

உண்மையில் அஞ்சத்தக்கது வேறொன்று. ஆர்-எம் என்னும் கட்டளை கோப்பை அழிக்கும். சுட்டியால் நீக்கிய கோப்பு குப்பைத் தொட்டியில் காத்திருக்கும்; இக்கட்டளையால் அழிந்தது அங்கும் செல்லாது. 'பழையவை', 'புதியவை' என்னும் இரு கோப்புறைகளிலும் 'பொங்கல்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருப்பதாகக் கொள்வோம். சென்ற ஆண்டின் கட்டுரையை நீக்க எண்ணிய மாணவி, 'புதியவை'யில் நிற்பதை அறியாமல் கட்டளையிட்டால், நாளை ஒப்படைக்க வேண்டிய கட்டுரை போய்விடும். கணினி அவளைக் கேள்வியும் கேட்காது. அழிக்கும் முன் பி-டபிள்யூ-டி இடுவதற்கு ஒரு நொடி ஆகும்.

பயிற்சி: எம்-கே-டி-ஐ-ஆர் என்னும் கட்டளை புதிய கோப்புறையை உருவாக்கும். அதனைக் கொண்டு வீட்டுக் கோப்புறையில் 'தமிழ்' என்னும் கோப்புறையையும், அதனுள் 'கட்டுரை', 'கடிதம்' என்னும் இரண்டையும் உருவாக்குக. 'கட்டுரை'யில் நின்றுகொண்டு ஒரே கட்டளையில் 'கடிதம்' செல்க. முதலில் சார்புப் பாதையாலும், மீண்டும் 'கட்டுரை'க்கு வந்து முழுப்பாதையாலும் செல்க. இரண்டிலும் எத்தனை சாய்கோடுகள் வந்தன என்பதை ஏட்டில் எழுதுக.